வெள்ளி பூசியும் பீக் ஏறவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பெட்ரி தட்டில் நாலு கண்ணாடித் துண்டு, மேலே பழுப்பும் சாம்பலுமாக வெள்ளிப் படலம், கூடவே "அக்கா, பீக்கே வரலை" என்று வாடிய முகம். சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எஃப்டிஐஆர் கருவியோடு (மாதிரி எந்தெந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்பதை வரைபடத்தில் பீக்குகளாக, அதாவது முகடுகளாகக் காட்டும் கருவி) நாள் முழுக்க இருப்பவள் நான், இப்படி வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் பிழை அவர்கள் சந்தேகப்படும் இடத்தில் இருப்பதில்லை. வெள்ளித் துகள் சரியாக வரவில்லை என்று மூன்று வாரம் துகளையே மாற்றி மாற்றிச் செய்திருப்பார்கள், ஆனால் கோளாறு தண்ணீரிலோ கண்ணாடியிலோ எடுக்காமல் விட்ட ஒரு வெற்று ஸ்கேனிலோ இருக்கும். அதனால்தான் எந்த அறிகுறிக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். பொன் ஆவியாக்கும் கருவி, எலக்ட்ரான் கற்றை லித்தோகிராஃபி எல்லாம் உள்ள இடங்களுக்கு இது இல்லை. சில்வர் நைட்ரேட், அம்மோனியா, குளுக்கோஸ், அலுமினியம் ஃபாயில், செப்புத் தகடு, இவ்வளவுதான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு.

முறையின் அடிப்படை இது. ஒற்றை மூலக்கூறு அடுக்கு தனியாக உறிஞ்சும் அகச்சிவப்பு ஒளி, உறிஞ்சல் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே, சாதாரண டிடெக்டரின் இரைச்சலோடு கலந்துவிடும் அளவு. அந்த அடுக்கைத் தொட்டபடி வெள்ளியோ தங்கமோ சின்னச் சின்னத் தீவுகளாக இருந்தால், தீவுகளின் இடுக்கில் மின்புலம் குவிந்து உறிஞ்சல் கூடுகிறது. ஹார்ட்ஸ்டைன், கிர்ட்லி, சாங் மூவரும் 1980இல் மெல்லிய உலோகப் படலத்தை வைத்து இதைக் காட்டினார்கள். பரப்பால் பெருக்கப்பட்ட அகச்சிவப்பு உறிஞ்சல் என்பது இதன் பெயர், ஆய்வகத்தில் சீரா (SEIRA) என்று சுருக்கமாகச் சொல்கிறோம். வேதி முறையில் செய்த தீவுப் படலத்தில் 10 மடங்கு முதல் 100 மடங்கு வரை கிடைத்தால் அது நல்ல படலம். ராமன் பக்கமிருந்து (லேசர் ஒளி மூலக்கூறில் சிதறுவதை அளக்கும் முறை) வருகிறவர்கள் லட்சம் மடங்கை எதிர்பார்த்து வந்து ஏமாந்து போகிறார்கள், இரண்டுக்கும் வெள்ளிதான் என்றாலும் இரண்டும் ஒரே கணக்கு இல்லை. இன்னொன்று, இந்தப் பெருக்கம் உலோகத்திலிருந்து சுமார் 10 நானோமீட்டருக்குள் தீர்ந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

இனி வரும் பீக் எண்கள் எல்லாம் அலைஎண், செ.மீ⁻¹ கணக்கில். ஒவ்வொரு இடத்திலும் அலகு எழுதவில்லை.

எதையும் தொடுவதற்கு முன் மூன்று ஸ்கேன்

முதலாவது, எதுவும் வைக்காமல் கருவி மட்டும். இரண்டாவது, வெள்ளி பூசாத அதே தட்டு (வெள்ளியைத் தாங்கும் கண்ணாடி, சிலிக்கான், ஃபாயில் எதுவானாலும் தட்டு என்றே சொல்கிறேன்). மூன்றாவது, வெள்ளி பூசி, மாதிரி இல்லாமல், மாதிரியைக் கரைத்த அதே கரைப்பானை மட்டும் அதே அளவு சொட்டு விட்டுக் காய வைத்த தட்டு. இந்த மூன்றாவதைத்தான் யாரும் எடுப்பதில்லை. முழு ப்ராஜெக்ட் முடித்து, வரைபடம் எல்லாம் போட்டு, கடைசி வாரத்தில் இதை எடுத்துப் பார்த்தபோது தன்னுடைய "மருந்துப் பீக்" கரைப்பானிலேயே இருப்பதைக் கண்டு ஒரு மாணவி என் மேஜையருகே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அன்றிலிருந்து மூன்றாவது ஸ்கேன் இல்லாமல் யாருடைய மாதிரியையும் நான் கருவியில் வைப்பதில்லை.

அறிகுறி: 2,000க்குக் கீழே வெறும் இரைச்சல்

தட்டு மைக்ரோஸ்கோப் ஸ்லைடு, அளவிட்டது ஊடுருவல் முறை. சரியா? அப்படியென்றால் வெள்ளியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. சாதாரணக் கண்ணாடி சுமார் 2,000க்குக் கீழே அகச்சிவப்பை விடாது, சுவர் மாதிரி. உங்களுக்கு வேண்டிய பீக்குகள் பெரும்பாலும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. மலிவாக வேண்டும் என்றால் வழிகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் பளபளப்பாக்கிய, குறைவாக டோப் செய்த (வேற்றணு குறைவாகக் கலந்த) சிலிக்கான் வேஃபர் ஒன்று வாங்கி, வைர முனைப் பேனாவால் கீறி ஒரு சென்டிமீட்டர் சில்லுகளாக உடைத்துக்கொண்டால் பல மாதம் ஓடும். ஃபாயிலோ செப்புத் தகடோ என்றால் பிரதிபலிப்பு முறைக்குப் போங்கள்.

சிலிக்கானிலும் ஒரு பொறி உண்டு. உடைந்த சோலார் செல் சும்மா கிடைக்கிறது என்று கொண்டு வருகிறார்கள், அது வேண்டாம். அதன் மேற்பரப்பை ஒளி சிதறுவதற்காகவே சொரசொரப்பாக்கி இருக்கிறார்கள், மேலே சிலிக்கான் நைட்ரைடு பூச்சு வேறு, பின்பக்கம் உலோகம் வேறு. அதிகமாக டோப் செய்த வேஃபரும் உதவாது, உள்ளே இருக்கும் மின்னூட்டங்களே அகச்சிவப்பைக் குடித்துவிடும். நல்ல சிலிக்கானிலும் 1,107இல் ஆக்சிஜன் பீக்கும் 611இல் சிலிக்கானின் சொந்தப் பீக்கும் இருக்கும். அதே வேஃபரில் உடைத்த பக்கத்துச் சில்லைப் பேக்ரவுண்டாக (மாதிரியிலிருந்து கழிப்பதற்கான ஒப்பீட்டு ஸ்கேன்) வைத்தால் இரண்டும் கழிந்துவிடும். வேறு வேஃபரின் சில்லை வைத்தால் மிச்சம் நிற்கும், அதைப் பார்த்து ஏதோ புதுப் பிணைப்பு என்று எழுதிவிடுவீர்கள்.

வடிதாளில் வெள்ளி ஏற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராமனுக்கு அது அருமையான தட்டு. அகச்சிவப்பில் செல்லுலோஸ் 1,000 முதல் 1,160 வரை பெரிய மலையாக நிற்கும், 3,300இல் இன்னொன்று. உங்கள் மாதிரியின் பீக் அந்த இடங்களில் இல்லை என்றால் மட்டும் முயற்சி செய்யலாம்.

அறிகுறி: சில்வர் நைட்ரேட் கரைத்ததுமே பால் மாதிரி ஆகிறது

தண்ணீர். வேறெதையும் தேட வேண்டாம். சென்னையில் போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் இருபது லிட்டர் கேன் தண்ணீர் "சுத்தமானது" என்று நம்பி அதில் கரைக்கிறார்கள். குடிப்பதற்குச் சுத்தம் வேறு, வெள்ளிக்குச் சுத்தம் வேறு. கொஞ்சம் குளோரைடு இருந்தாலே சில்வர் குளோரைடு வெள்ளையாகப் பிரிந்துவிடும், வெளிச்சத்தில் வைத்தால் ஊதா கலந்த சாம்பலாக மாறும். சோதனை சுலபம்: சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டு, பின்னால் கறுப்புத் தாள் வைத்துப் பாருங்கள். மெல்லிய புகை மாதிரி தெரிந்தால்கூட அந்தத் தண்ணீர் ஆகாது. பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரையும் இதே சோதனைக்குப் பிறகே நம்புங்கள். கண்ணாடிப் பாத்திரத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவி அப்படியே பயன்படுத்துவதும் இதே தப்புதான், கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில் இருக்க வேண்டும்.

அறிகுறி: படலம் அழகான கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, ஆனால் பீக் இல்லை, இருந்தாலும் கோணலாக இருக்கிறது

எனக்கு மிகவும் பிடித்த பிழை இதுதான், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் முறையே புரிந்துவிடும். நாம் வெள்ளி பூசப் பயன்படுத்தும் டாலன்ஸ் கரைசல் (சில்வர் நைட்ரேட்டும் அம்மோனியாவும் சேர்ந்தது) என்பது பள்ளிக்கூட வேதியியலில் ஆல்டிஹைடைக் கண்டுபிடிக்கச் செய்த வெள்ளி ஆடிச் சோதனைதான். பள்ளியில் ஆடி வந்தால் மார்க். இங்கே ஆடி வந்தால் தோல்வி. நமக்கு வேண்டியது தீவுகள், அவை ஒன்றையொன்று தொடப்போகும் நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். தொட்டுச் சேர்ந்துவிட்டால் அது தொடர்ந்த உலோகத் தகடு, ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், இடுக்கே இல்லாததால் மின்புலம் குவிய இடமும் இல்லை. பேஸ்லைன் (பீக்குகளுக்கு அடியில் ஓடும் கோடு) சாய்ந்து கீழே போகும். பீக்குகள் மேலே போய் உடனே கீழே விழுந்து, எஸ் எழுத்தைப் படுக்க வைத்தது மாதிரி ஆகிவிடும். உடனே மென்பொருளில் பேஸ்லைன் திருத்தம் போட்டு அதை நிமிர்த்தப் பார்க்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கோணல் உலோகத்தின் ஒளி எதிர்வினையும் மூலக்கூறின் அதிர்வும் கலந்து வருவது. திருத்தினால் பீக்கின் இடமும் உயரமும் இரண்டுமே பொய்யாகிவிடும்.

தீவு எப்போது சேர்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். ஒவ்வொரு முறை பூசும்போதும் சிலிக்கான் சில்லுக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடித் துண்டையும் அதே கரைசலில் நிறுத்துங்கள், இரட்டைப் பிள்ளை மாதிரி. சிலிக்கானே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதன் மேல் அளந்தால் ஏமாற்றிவிடும், அதனால்தான் கண்ணாடி. எடுத்து அலசி நன்றாகக் காய வைத்துவிட்டு, இரண்டு முனைகளையும் அரை சென்டிமீட்டர் தள்ளி, கீறாமல் மெதுவாகப் படலத்தின் மேல் வையுங்கள். மீட்டர் எதுவுமே காட்டவில்லையா, தீவுகள் தனித்தனியாக இருக்கின்றன. மெகா ஓமில் தொடங்கி கிலோ ஓமுக்கு இறங்குகிறதா, சேரும் விளிம்பில் இருக்கிறீர்கள், நல்ல பெருக்கம் கிடைப்பது பெரும்பாலும் இந்த விளிம்புக்குச் சற்று முன்னால். சில ஓம்தான் காட்டுகிறதா, அது முகம் பார்க்கும் கண்ணாடி, அடுத்த துண்டுக்குப் போங்கள். நிறமும் உதவும்: வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இளமஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா கலந்த பழுப்பு, கடைசியில் சாம்பல் பளபளப்பு. ஊதா கலந்த பழுப்பில் நிறுத்திப் பழகுங்கள்.

இங்கே சென்னைக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. செய்முறைத் தாளில் "அறை வெப்பநிலையில் 5 நிமிடம்" என்று இருக்கும். அந்த அறை 20 டிகிரி அறை. நம் ஆய்வகம் சித்திரை வைகாசியில் ஏசி நின்றால் 34, 35. வினை எகிறிக் குதித்து ஓடும், ஐந்து நிமிடம் காத்திருந்தால் ஆடி வந்து அதன் மேல் கறுப்புத் தூளும் படிந்திருக்கும். ஐஸ் போட்ட தட்டில் முகவையை வைத்து, வெப்பமானியும் போட்டு, ஒரே வெப்பநிலையில் 30, 60, 90, 120 நொடி என்று நாலு துண்டு எடுத்து, நாலையும் மீட்டரில் அளந்து, உங்கள் கரைசலுக்கு உங்கள் நேரத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். அடுத்தவர் நேரம் உங்களுக்கு ஒத்துவராது.

படலம் திட்டுத்திட்டாக உரிந்து வந்தால் பரப்பு சுத்தமாக இல்லை. சோப்புநீர், அசிட்டோன், எத்தனால், காய்ச்சி வடித்த நீர் என்ற வரிசையில் கழுவி, நீர்த்த ஸ்டான்னஸ் குளோரைடு கரைசலில் ஒரு நிமிடம் முக்கி நன்றாக அலசிவிட்டுப் பூசினால் வெள்ளி சமமாகப் பிடிக்கும். அலசாமல் விட்டால் அந்தக் குளோரைடே மறுபடி பாலாக்கிவிடும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முக்கச் சொல்லும் செய்முறைகளும் இருக்கின்றன. அதற்கான பாதுகாப்பு ஏற்பாடும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பழகிய ஆளும் இல்லாத இடத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் மிக முக்கியமானது: டாலன்ஸ் கரைசலைச் செய்த உடனே பயன்படுத்தி, மிச்சத்தை அன்றைக்கே நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அழித்துவிடுங்கள், பிறகு உப்புநீர் சேர்த்தால் வெள்ளி குளோரைடாக அடியில் இறங்கிவிடும், அதைச் சேர்த்து வைக்கலாம். நாளைக்குப் பயன்படும் என்று மூடி வைத்தால் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உருவாகும். காய்ந்து ஓரத்தில் ஒட்டிய கறுப்புப் பொருக்கு இன்னும் ஆபத்து.

அறிகுறி: பீக் இருக்கிறது, ஆனால் மாதிரி வைக்காத தட்டிலும் இருக்கிறது

தட்டு தன் பிறந்த கதையைச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1,590இலும் 1,400இலும் அகலமான இரண்டு பீக் என்றால் சிட்ரேட். சிட்ரேட்டில் கொதிக்க வைத்துத் துகள் செய்தவர்கள் எல்லோருக்கும் இது வரும், துகளைச் சுற்றிப் போர்த்தியிருப்பதே அதுதான். மைய விலக்கியில் இரண்டு மூன்று முறை கழுவினால் குறையும், முழுக்கப் போகாது, அதிகம் கழுவினால் துகள்கள் கட்டிக்கொள்ளும். 2,920, 2,850 என்று இரட்டையாக வந்தால் நீளமான கரிமச் சங்கிலி: சிடிஏபி (துகள் செய்யும்போது சேர்க்கும் சோப்பு மாதிரியான பொருள்), ஃபாயிலின் உருட்டு எண்ணெய், அல்லது உங்கள் விரல். விரல் எண்ணெயாக இருந்தால் 1,740 பக்கத்தில் எஸ்டர் பீக்கும் சேர்ந்து வரும். 1,260, 800, நடுவே 1,000 முதல் 1,100 வரை இரட்டை மலை என்றால் சிலிக்கோன், அது வேக்குவம் கிரீஸிலிருந்தோ பிளாஸ்டிக் சிரிஞ்சின் உள்பூச்சிலிருந்தோ வந்திருக்கும். சமையலறை ஃபாயிலைப் பயன்படுத்துகிறவர்கள் மங்கலான பக்கமா பளபளப்பான பக்கமா என்று கேட்கிறார்கள். எந்தப் பக்கமானாலும் முதலில் அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒரே திசையில் துடைத்து எண்ணெயை எடுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமான ஏமாற்று நைட்ரேட். சரியாக அலசாத படலத்தில் மிச்சமிருக்கும் நைட்ரேட் 1,380 பக்கத்தில் கூர்மையாக, கம்பீரமாக நிற்கும். சோதனை மூலக்கூறாக நாம் பெரும்பாலும் எடுப்பது பாரா நைட்ரோ பென்சாயிக் அமிலம், அதன் நைட்ரோ பீக் 1,350இல், வெள்ளியில் ஒட்டியபின் கார்பாக்சிலேட் பீக் 1,390 முதல் 1,400 வரை. நடுவில் வந்து நைட்ரேட் உட்கார்ந்துகொண்டால், "பெருக்கம் 300 மடங்கு" என்று சந்தோஷமாக எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள். மூன்றாவது ஸ்கேன் அங்கேதான் காப்பாற்றும்.

அந்த அமிலத்தை வைத்து இன்னொன்றும் பார்த்துக்கொள்ளலாம். தூளாக இருக்கும்போது 1,700க்குச் சற்றுக் கீழே கார்பனைல் பீக் தெளிவாக இருக்கும். வெள்ளியில் உண்மையாகவே ஒட்டியிருந்தால் அது மறைந்து கார்பாக்சிலேட் வந்திருக்க வேண்டும். 1,530 பக்கத்து நைட்ரோ பீக்கும் மெலிந்துவிடும், ஏனென்றால் பரப்புக்குச் செங்குத்தான அதிர்வுகள்தான் உலோகத்தின் மேல் நன்றாகத் தெரியும். 1,700 பீக் அப்படியே இருக்கிறது, 1,530உம் கொழுத்து நிற்கிறது என்றால், மூலக்கூறு வெள்ளியில் ஒட்டவே இல்லை, மேலே படிகமாகக் குவிந்து கிடக்கிறது. நீங்கள் அளப்பது பெருக்கம் இல்லாத சாதாரணத் தூளை.

அறிகுறி: பீக்குகள் தலைகீழாக இருக்கின்றன

பேக்ரவுண்டில் இருந்தது மாதிரியில் இல்லை என்று பொருள். கை பட்ட தட்டைப் பேக்ரவுண்டாக எடுத்தீர்களா என்று பாருங்கள். ஆனால் தலைகீழ் பீக் 1,590, 1,400இல் மட்டும் இருந்து, மாதிரி ஒரு தயாலாக (கந்தகம் உள்ள கரிமச் சேர்மம்) இருந்தால் முகம் வாட வேண்டாம், நல்ல செய்தி அது. கந்தகம் வந்து வெள்ளியைப் பிடித்துக்கொண்டு சிட்ரேட்டைத் தள்ளிவிட்டிருக்கிறது. மாதிரி பரப்பில் ஒட்டியது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடைக்காது.

அறிகுறி: நிறமாலை முழுக்கப் புல் முளைத்தது மாதிரி கூர்மையான கோடுகள்

1,300 முதல் 2,000 வரையும், 3,500 முதல் 3,950 வரையும் என்றால் நீராவி. 2,349இலும் 667இலும் என்றால் கார்பன் டை ஆக்சைடு, பெரும்பாலும் உங்கள் சொந்த மூச்சு. கடலோர ஊர், ஐப்பசி கார்த்திகை அடைமழை, ஆய்வகக் கதவு திறந்து திறந்து மூடுகிறது, பேக்ரவுண்ட் எடுத்த நேரத்துக்கும் மாதிரி எடுத்த நேரத்துக்கும் நடுவே காற்றின் ஈரம் மாறிவிடுகிறது. சாதாரண மாதிரிக்கு இது தெரியாது. நமக்கு வேண்டிய பீக்கே ஆயிரத்தில் சில பங்கு என்பதால் புல்லுக்குள் பயிர் தெரியாமல் போகிறது.

நைட்ரஜன் சிலிண்டர் இருந்தால் ஓடவிடுங்கள். இல்லையென்றால் மாதிரியை வைத்து மூடிய பிறகு ஐந்து பத்து நிமிடம் மூடியைத் திறக்காமல் காத்திருந்து ஸ்கேன் செய்யுங்கள், பேக்ரவுண்டுக்கும் அதே காத்திருப்பு, இரண்டையும் மாற்றி மாற்றி எடுங்கள். காலையில் எடுத்த பேக்ரவுண்டை மாலை வரை வைத்துக்கொள்வது நம் ஊரில் சரிப்படாது. கருவிக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல்லைப் பாருங்கள், நீலம் இளஞ்சிவப்பாகியிருந்தால் (ஆரஞ்சு வகையென்றால் பச்சையாகியிருந்தால்) எடுத்து அடுப்பில் 110 டிகிரி அளவில் உலர்த்திப் போடுங்கள். உள்ளே இருக்கும் பொட்டாசியம் புரோமைடு பாகம் ஈரத்தில் மங்கிவிட்டால் ஒளியே குறைந்துவிடும், அதை மாற்றுவது பெரிய செலவு. விடுமுறை நாளிலும் கருவியின் மின்சாரத்தை நிறுத்தாமல் வைக்கச் சொல்வது அதனால்தான்.

இது புல் இல்லாமல் ஒழுங்கான அலையாக இருந்தால் வேறு விஷயம். மெல்லிய தட்டின் இரண்டு முகங்களுக்கு நடுவே ஒளி மோதி மோதித் திரும்புவதால் வருவது அது. அரை மில்லிமீட்டர் சிலிக்கானில் அந்த அலையின் இடைவெளி சுமார் 3, அதனால் பிரிதிறனை 4இலோ 8இலோ வைத்தால் அடங்கிவிடும். 20 மைக்ரான் பாலித்தீன் தாளில் இடைவெளி 160, 170 வரும், பிரிதிறனை மாற்றிப் பயனில்லை, தாளைச் சற்றே சாய்த்து வைத்துப் பாருங்கள்.

வெறும் இரைச்சல் என்றால் ஸ்கேன் எண்ணிக்கையைக் கூட்டலாம். 16ஐ 64 ஆக்கினால் இரைச்சல் பாதியாகும், மறுபடி பாதியாக்க 256 வேண்டும், அதற்குள் காற்றின் ஈரம் மாறிவிடும். எனக்கு 64க்கு மேல் அபூர்வமாகத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

அறிகுறி: வெள்ளி இருக்கும் தட்டிலும் இல்லாத தட்டிலும் பீக் ஒரே உயரம்

எல்லாம் சரியாகச் செய்தும் இப்படி வந்தால், கணக்குப் போட வேண்டிய நேரம். 1 மில்லிமோலார் கரைசலில் 2 மைக்ரோலிட்டர் எடுத்து விடுகிறீர்கள், அது 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமாகக் காய்கிறது. உள்ளே இருப்பது 2 நானோமோல், மூலக்கூறாகச் சொன்னால் 1.2 × 10¹⁵. வட்டத்தின் பரப்பு சுமார் 0.2 சதுர செ.மீ. ஆக ஒரு சதுர செ.மீ.க்கு 6 × 10¹⁵. பாரா நைட்ரோ பென்சாயிக் அமிலத்தின் பருமனுள்ள மூலக்கூறுகள் நெருக்கி நின்றால் ஒரு அடுக்குக்குத் தோராயமாக 5 × 10¹⁴ போதும். நீங்கள் போட்டது பன்னிரண்டு அடுக்கு! வெள்ளியைத் தொட்டிருப்பது அடியிலுள்ள ஒன்று, மேலே உள்ளவை படிகமாகக் குவிந்து, முன்னே சொன்ன 10 நானோமீட்டரைத் தாண்டி நின்று, சாதாரணமாக உறிஞ்சி, பெருக்கத்தை மூழ்கடித்துவிடுகின்றன. தீவுகளின் உண்மைப் பரப்பு தட்டையான பரப்பைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கணக்கை மாற்றும் அளவுக்கு இல்லை. 0.1 மில்லிமோலாரில் தொடங்கி அங்கிருந்து கீழே போங்கள். செறிவைக் குறைக்கக் குறைக்க வெள்ளித் தட்டுக்கும் வெறும் தட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெருக வேண்டும். அப்படிப் பெருகினால் பெருக்கம் உண்மை. மேலே போகும்போது இரண்டும் நெருங்கி வருவதும் அதே காரணத்தால்தான்.

பெருக்கம் எத்தனை மடங்கு என்று எழுதும்போது எந்தச் செறிவில், எத்தனை அடுக்கில், எந்தப் பீக்கை வைத்து என்று சேர்த்தே எழுதுங்கள். அது இல்லாத எண்ணை நான் நம்புவதில்லை.

அறிகுறி: அதே தட்டில் ஓர் இடத்தில் பீக், பக்கத்தில் ஒன்றுமில்லை

டம்ளரை மேஜையில் வைத்து எடுத்தால் காபி எப்படி ஓரத்தில் மட்டும் வட்டமாகக் காய்கிறதோ, அதேதான் உங்கள் சொட்டிலும் நடக்கிறது. ஓரம் வேகமாகக் காய்வதால் நீர் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடி, துகளையும் மாதிரியையும் இழுத்துப் போகிறது. கருவியின் ஒளி நடுவில் விழுந்தால் பூஜ்யம், ஓரத்தில் விழுந்தால் மலை. ஏசி காற்று நேரே படும் மேஜையில் காய வைத்தால் இது இன்னும் மோசம். பெட்ரி தட்டின் மூடியைப் போட்டு, உள்ளே ஈரப் பஞ்சு ஒன்று வைத்து மெதுவாகக் காயவிடுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, சொட்டே விடாமல் தட்டை மாதிரிக் கரைசலில் ஒரு மணி நேரம் முக்கி வைத்து எடுத்து, ஒட்டாததைக் கரைப்பானில் அலசிவிடுவது: ஒட்டியது மட்டும் மிஞ்சும், பன்னிரண்டு அடுக்குப் பிரச்சினையும் சேர்ந்து ஒழியும். எப்படிச் செய்தாலும் ஐந்து இடத்தில் அளந்து ஐந்தையும் எழுதுங்கள், அழகான ஒன்றை மட்டும் எடுத்துப் போடாதீர்கள்.

அறிகுறி: ஏடிஆர் வைரத்தில் அழுத்தினால் எதுவும் தெரியவில்லை

ஏடிஆர் என்பது மாதிரியை ஒரு படிகத்தின் மேல், பெரும்பாலும் வைரத்தின் மேல், அழுத்தி அளக்கும் முறை. வெள்ளி இருக்கும் முகம் கீழே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதி பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும். வைரத்திலிருந்து வெளியே கசியும் ஒளி ஒன்றிரண்டு மைக்ரான்தான் போகும். ஃபாயிலும் பிளாஸ்டிக்கும் வளைந்து ஒட்டிக்கொள்ளும். சிலிக்கான் சில்லு கடினம், நடுவே ஒரு தூசி இருந்தாலும் காற்று இடைவெளி வந்து எல்லாம் போய்விடும், இன்னும் அழுத்தினால் சில்லுதான் உடையும். அதை ஊடுருவல் முறையில் அளப்பதே நல்லது. கருவியின் படிகத்தின் மேலேயே வெள்ளி பூசிப் பார்க்கும் ஆசை யாருக்காவது வந்தால், துறையில் எல்லோருக்கும் பொதுவான படிகம் அது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜிங்க் செலினைடு என்றால் அமிலமும் காரமும் அரித்துவிடும், அந்த வெள்ளியை எடுக்க நைட்ரிக் அமிலம்தான் வேண்டியிருக்கும், அங்கேயே கதை முடிந்தது.

அறிகுறி: போன வாரம் வந்தது, இன்று அதே தட்டில் வரவில்லை

படலத்தை வெளிச்சத்தில் பாருங்கள், கருத்திருக்கிறதா? காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியைச் சல்ஃபைடாக்கிவிடுகிறது. வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கும் கொலுசும் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள், நானோ தீவுக்கு அது வாரக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில் நடக்கும். கூவமோ பக்கிங்ஹாம் கால்வாயோ அருகில் ஓடும் கட்டடத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்தால் இன்னும் சீக்கிரம். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்பதும் வேண்டாம், ரப்பரில் கந்தகம் இருக்கிறது. பூசிய அன்றே மாதிரி ஏற்றி அளந்துவிடுவதுதான் முதல் வழி. வைத்தே ஆக வேண்டும் என்றால் எத்தனாலில் அலசிக் காய வைத்து, சுத்தமான கண்ணாடிக் குப்பியில் உலர்த்தியோடு போட்டு மூடி, மேலே பூசிய தேதியும் நேரமும் மீட்டர் காட்டிய ஓமும் எழுதி ஒட்டுங்கள். அளக்க எடுத்து வரும்போது வெள்ளி பூசாத பக்கத்துச் சில்லையும் அதே குப்பியில் போட்டுக் கொண்டு வாருங்கள், நான் முதலில் கேட்பது அதைத்தான்.